மஞ்சள் கருப்பாக விழும்

ஒரு கல்யாணப் பெண்ணின் மோவாயிலிருந்து மச்சத்தை எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அங்காளம்மாள் கடைக்குள் வந்தாள். மச்சம் எடுப்பது நசுருல்லாவுக்கு மூச்சு விடுவது மாதிரி. பக்கத்தில் இருக்கும் நல்ல தோலில் கொஞ்சம் பிரதி எடுத்து, மச்சத்தின் மேல் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். ஜலகண்டாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் அவருடைய மவுஸ் படாத முகம் குறைவு. பரு, தழும்பு, அம்மை வடு, தூக்கம் கெட்ட கண் எல்லாம் அவருடைய கம்ப்யூட்டருக்குள் வந்தால் காணாமல் போய்விடும். இந்தப் பக்கத்து ஜனங்களை இந்தப் படங்களை வைத்து எடை போடுகிறவன், இங்கே யாருக்கும் ஒரு கஷ்டமும் வந்ததில்லை என்றுதான் நினைப்பான். அப்படி ஒரு பொய்யைப் பாஸ்போர்ட் அளவில் வெட்டி விற்றுத்தான் மகளைப் படிக்கவைக்கிறோம் என்பதில் அவருக்குப் பெருமையும் உண்டு, கொஞ்சம் கூச்சமும் உண்டு.

"ஏனுங்க பாய்," என்றாள் அங்காளம்மாள். "எங்கம்மாவ எங்கீங்க கொண்டுபோய் வெச்சீங்க?"

நசுருல்லா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்கம்மா படத்த போன ஆடியிலயே குடுத்துட்டேனே அக்கா. பிரேம் போட்டு, நெத்தியில பொட்டு வெச்சு."

"அந்தம்மா செவுத்துல பத்திரமாத்தான் இருக்கறா. நாங் கேக்கறது கோயில்ல இருக்கறவள. தூணுல இருந்தவள."

அவள் தறிப் பட்டறையில் நூலைத் தாராகச் சுற்றுகிறவள். தலைமுடியில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்பது அதிலேயே தெரிந்தது. அவள் நீட்டிய போனில், ஏரிக்கரைக் கோயில் வாசலில் கட்டியிருந்த பிளக்ஸ் இருந்தது. அவரே அச்சடித்துக் கொடுத்த பிளக்ஸ்.

கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வருகிறது. ஊரார் சேர்ந்து நடத்தும் சின்னக் கோயில். திருப்பணிக் குழுவுக்குத் தலைவர் தங்கமுத்து; போர்வெல் ரிக் வண்டிகள் வைத்து ராஜஸ்தான்வரை போய் பூமியைத் துளைத்துவிட்டு வந்தவர். பெங்களூரில் வேலை பார்க்கும் அவர் மகன் யோகேஷ், ஏதோ ஒரு வெளிநாட்டு நூலகத்தின் இணையதளத்தில் இந்தக் கோயிலின் பழைய படம் ஒன்றைக் கண்டுபிடித்து அனுப்பியிருந்தான். நூற்றைம்பது வருசத்துக்கு முன்னால், எவனோ ஒரு வெள்ளைக்காரன் மாட்டுவண்டியில் கேமராவை ஏற்றிக்கொண்டு வந்து கண்ணாடித் தகட்டில் எடுத்தது. "பளிச்சுனு பண்ணிக் குடுங்க பாய்," என்று தங்கமுத்து சொன்னார். பளிச்சென்று பண்ணுவதுதானே தொழில்.

அந்தப் படத்தில் முன்மண்டபத்தின் வலது தூணில் ஒரு பெரிய கருப்புத் திட்டு இருந்தது. பழைய காகிதம், பூஞ்சை பிடித்திருக்கும் என்று நசுருல்லா முடிவு செய்தார். கை தன் பாட்டுக்கு மச்சத்தை எடுத்துவிட்டது. இடது தூணில் அழகாக ஒரு தாமரை இருந்தது. அதைப் பிரதி எடுத்துத் திட்டின் மேல் ஒட்டினார். தூணின் அடியில் புகை மாதிரி ஏதோ நின்றது, அதையும் துடைத்தார். ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை.

வலது தூணில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அந்த மண்டபத்தில் எத்தனையோ ஜோடிகளை நிறுத்திப் படம் எடுத்தவர்தான். ஆனால் எப்போதும் இடது தூணில் சாய்ந்து நிற்கச் சொல்வார். வலது தூணில் சாய்ந்தால் பட்டுச்சேலையில் எண்ணெய் பிடித்துக்கொள்ளும். அங்கே கல்லில் ஒரு பெண் பிரசவித்துக்கொண்டு இருக்கிறாள். முழங்கால்களை அகற்றி பாதி உட்கார்ந்தாற்போல நின்று, இரண்டு பக்கமும் இரண்டு பெண்களின் தோளைக் கட்டிக்கொண்டு, தலையை மேலே தூக்கியிருக்கிறாள். பிள்ளையின் தலை பாதி வெளியே வந்துவிட்டது. மாசமான பெண்களுக்காக வீட்டுப் பெண்கள் வந்து நல்லெண்ணெய் ஊற்றி, மஞ்சளை அப்பிவிட்டுப் போவார்கள். இதெல்லாம் நசுருல்லாவுக்குத் தெரியும். மவுஸ் பிடித்த கைக்குத்தான் தெரியவில்லை.

"தலைவரு உங்க பிளக்ஸக் காட்டித்தான் பேசறாரு. வெள்ளக்காரன் காலத்துல அங்க தாமரதான் இருந்துச்சாமா. இவள அப்பறமா எவனோ அசிங்கமாக் கொத்திவெச்சுட்டுப் போயிட்டானாமா. அதனால தூணயே மாத்தறாங்களாம். வெள்ளிக்கெழம கிரேன் வருது."

நசுருல்லாவின் வாயில் வழக்கமாகத் தயாராக இருக்கும் நான்கைந்து வேடிக்கைகளும் அன்று பார்த்து லீவில் இருந்தன.

"என்ற மருமவ சௌமியாளுக்கு எட்டு மாசம் ஆச்சு," என்றாள் அங்காளம்மாள். "அவளுக்கு எண்ணெ ஊத்த நான் எங்கீங்க போறது? உங்க பிளக்ஸு மேல ஊத்தட்டுமா?"

"ஆஸ்பத்திரியில பாக்கறாங்கல்லக்கா..."

"பாக்கறாங்க. டாக்டரம்மா வயித்தப் பாப்பாங்க. பயத்த யாருங்க பாக்கறது?"

அவர் கல்யாணப் பெண்ணை மூடிவிட்டு, யோகேஷ் அனுப்பிய மூலப் படத்தைத் திறந்தார். பழுப்பேறிய படம். வானம் வெறும் வெள்ளை, ஒரு மேகம்கூட இல்லை. வலது தூணைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். கருப்புத் திட்டின் இரண்டு ஓரத்திலும் இரண்டு சின்னத் தலைகள் இருந்தன. அவற்றின் தோள்களிலிருந்து கிளம்பிய கைகள் கருப்புக்குள் போய் மறைந்தன. பூஞ்சையைத் தாங்கிப் பிடிக்க யாரும் கல்லில் தோழிகளைச் செதுக்கமாட்டார்கள். அவருடைய தாமரை அந்தக் கைகளையும் தலைகளையும் சேர்த்தே விழுங்கியிருந்தது.

கருப்பு ஏன் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவரைப் பெற்ற அத்தா நயீம், அந்தக் காலத்துத் தகட்டுக் கேமராக்காரர்களைப் பற்றி ஒரு கதை சொல்லிச் சிரிப்பார். அந்தத் தகடுகளுக்கு நீலம்தான் நன்றாகத் தெரியும். மஞ்சளும் சிவப்பும் கண்ணுக்கே எட்டாது. மஞ்சள் பூசிக் குளித்த பெண்ணைப் படம் எடுத்தால் கரி பூசின மாதிரி விழும். அதனால் ஸ்டுடியோ வாசலில் ஒரு சொம்புத் தண்ணீரும் சோப்பும் வைத்திருப்பார்களாம். வரும் பெண்கள் எல்லாம் படம் எடுக்கும் முன்னால் முகத்தைக் கழுவியே ஆகவேண்டும்.

கல்லை யாரும் கழுவச் சொல்லவில்லை. அந்த வெள்ளைக்காரன் வந்த அன்று அவள் மேல் ஈர மஞ்சள் இருந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். தூணின் அடியில் நின்ற புகையும் புகை இல்லை. ரொம்ப நேரம் திறந்துகிடக்கும் கேமராவின் முன்னால் அசையாமல் நிற்கத் தெரியாத, அல்லது நிற்க இஷ்டப்படாத யாரோ ஒருத்தி. குனிந்திருந்தாள். கையில் ஏதோ இருந்தது.

"யாருங்க அது?" என்றாள் அங்காளம்மாள், அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

"பொகையின்னு நெனச்சுத் தொடச்சுட்டேன்க்கா."

"நல்லாத் தொடச்சீங்க," என்றாள் அவள்.

*

மறுநாள் காலையில் கோயிலுக்குப் போனார். வாசலில் நின்றே தன் போனில் தூணைப் படம் எடுத்து, அதிலிருந்து நீல நிறத்தை மட்டும் பிரித்துப் பார்த்துக்கொள்வது என்று திட்டம். எடுத்தார், பிரித்தார். இன்றைக்கு அவள் மேல் இருந்த மஞ்சள், அதே இடத்தில், அதே கரிய திட்டாக விழுந்தது. தோளில் தொடங்கி, வயிற்றில் பரவி, தொடைகளுக்கு நடுவில் கூராக இறங்கும் அதே திட்டு. நூற்றைம்பது வருசமாகப் பெண்கள் ஒரே உயரத்தில் நின்று ஒரே இடத்தில்தான் ஊற்றியிருக்கிறார்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மண்டபத்தை நோக்கி நடந்தார்.

புதுத் தூண் ஒரு லாரியில் வந்து படுத்திருந்தது. பாலிஷ் போட்ட கருங்கல், முகம் பார்க்கலாம். தங்கமுத்து அதன் பக்கத்தில், புது மாப்பிள்ளையைக் காட்டுகிறவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க பாய். பாத்தீங்களா? மெசின்ல செதுக்குனது. உங்க போட்டோவ அப்பிடியே கம்ப்யூட்டருக்குள்ள உட்டு, ஒரு நூல் பெசகாம அறுத்துக் குடுத்துட்டாங்க."

ஒரு நூல்கூடப் பிசகவில்லை என்பது உண்மைதான். இடது தூணின் பழைய தாமரையில் ஒரு இதழ் எந்தக் காலத்திலோ உடைந்துபோயிருந்தது. நசுருல்லா அதை உடைசலோடு பிரதி எடுத்திருந்தார். இயந்திரம் அந்த உடைசலைப் பயபக்தியோடு செதுக்கி, அதற்கும் பாலிஷ் போட்டிருந்தது.

"அண்ணா," என்றார் நசுருல்லா. "அந்த எதழப் பாருங்க. இந்தத் தூணுல உடைஞ்சிருக்கறதேதான் அந்தத் தூணுலயும் உடைஞ்சிருக்கு. ரெண்டும் ஒரே தாமர. நான் ஒட்டுனது." மூலப் படத்தைக் காட்டினார். நீலப் படத்தைக் காட்டினார். தகடு, மஞ்சள், சொம்புத் தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னார். இவ்வளவு நீளமாக உண்மை பேசி அவருக்குப் பழக்கமில்லை, மூச்சு வாங்கியது.

தங்கமுத்து போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கறீங்க பாய். கருப்புல தாமர பண்ணுனதும் நீங்கதான். இப்ப மஞ்சளக் கருப்பாப் பண்றதும் நீங்கதான். எதைங்க நான் நம்பறது?"

நசுருல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருசத் தொழிலுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் யாரும் தரமாட்டார்கள்.

"கேளுங்க," என்றார் தங்கமுத்து, குரலைத் தாழ்த்தி. அவர் கெட்டவர் இல்லை. "சம்பந்தி ஊட்டுக்காரங்க வருவாங்க. சின்னப் புள்ளைங்க வரும். வாசல்லயே இப்பிடிக் கால விரிச்சுட்டு ஒருத்தி இருந்தா, என்னன்னு சொல்றது? அப்பறம் இன்னொண்ணு. இது எங்க கோயில் விசயம். நீங்க வந்து இதுல சொல்றது எனக்குப் பரவாயில்ல. நாலு பேரு வேற மாதிரி பேசுவாங்க. ஊருக்குள்ள கடை வெச்சிருக்கறீங்க. எதுக்குங்க உங்களுக்கு இந்த வம்பு?"

அதில் அக்கறையும் இருந்தது, மிரட்டலும் இருந்தது. எது எவ்வளவு என்று தங்கமுத்துவுக்கே தெரிந்திருக்காது. நசுருல்லா தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

மனைவி கௌசியா முருங்கைக்கீரை உருவிக்கொண்டு இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். கீரையை உருவுவதை நிறுத்தவில்லை.

"ஊர்ல இருக்கற பொண்ணுங்க மச்சத்தையெல்லாம் எடுத்தீங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. தைரியம் வந்து இப்ப சாமிக்கே எடுத்துட்டீங்க."

"சரி, விடு. அவங்க கோயில். நாம என்ன பண்ண முடியும்?"

"நம்ம ஜோயா பொறக்கறப்ப கொடி சுத்திட்டு, ரெண்டு உசுரும் இழுத்துட்டுக் கெடந்துச்சே, ஞாபகம் இருக்கா? நீங்க ஆஸ்பத்திரி வராண்டால நின்னு துவா கேட்டுட்டிருந்தீங்க. அங்காளக்கா எங்க போயிருந்துச்சு?"

அவருக்குத் தெரியும். எண்ணெய்க் கிண்ணத்தோடு ஏரிக்கரைக்குத்தான் போயிருந்தாள். அதைத் தெரியாத மாதிரியே இருபது வருசம் வைத்திருந்தார். மார்க்கத்துக்கு அது ஆகாது. செய்தவளிடம் அதைப் பற்றிக் கேட்பது மரியாதையாகவும் இருக்காது.

"நான் அந்தக் கல்லக் கும்பிடச் சொல்லல," என்றாள் கௌசியா. "நீங்க அழிச்சத நீங்க எழுதுங்க. அவ்வளவுதான் நான் சொல்றது." பிறகு கீரைக் காம்புகளை அள்ளிக்கொண்டு எழுந்தவள், வாசற்படியில் நின்று, "பயமா இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"இருக்கட்டும். சாப்டுட்டுப் போங்க."

*

படத்தை யாரும் நம்பப்போவதில்லை என்பது உறுதியாகிவிட்டது. ஆனால் பிளக்ஸை நம்பாதவர்கள் இந்தப் பக்கத்தில் யாரும் கிடையாது. காதுகுத்து, பூப்பு, கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் பிளக்ஸில் வந்தால்தான் நடந்ததாகக் கணக்கு. பிளக்ஸ் என்றால் நடுவில் நாயகர், கீழே வரிசையாகப் பாஸ்போர்ட் முகங்கள். கீழ் வரிசையில் தன் முகம் இல்லாவிட்டால் பேச்சுவார்த்தையையே முறித்துக்கொள்கிற ஊர் இது. அந்த முகங்கள் அத்தனையும் நசுருல்லாவின் ஹார்ட் டிஸ்கில் இருந்தன.

அங்காளம்மாளுக்குப் போன் செய்தார். "அக்கா, அங்க எண்ணெ ஊத்திப் பெத்தவங்க எல்லாத்தையும் கூட்டிட்டு வாங்க. பெத்த புள்ளைங்க யாருன்னு எனக்குக் காட்டணும்."

சாயங்காலத்துக்குள் கடை நிறைந்துவிட்டது. தறிக்காரிகள், கரும்பு வெட்டப் போகிறவர்கள், ஜவுளிக் கடைக்காரர் மனைவி, பள்ளிக்கூட டீச்சர் ஒருவர். உட்கார இடமில்லாமல், படம் எடுக்கிற நீலத் திரைக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்தார்கள். அவர் கம்ப்யூட்டரில் முகங்களை ஓடவிட்டார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. இவன் எம்பையன். ரெண்டு நாளு வரமாட்டேன்னு கெடந்தவன்."

"இப்பவும் அப்பிடித்தான் இருக்கறான். சோத்துக்குக் கூப்புட்டாக்கூட வரமாட்டான்."

"அந்த மொகத்துக்கா எண்ணெ ஊத்துனீங்க? வீணாப் போச்சு."

சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்காமல், பிறந்து ஒரு நாள் மட்டும் இருந்த தன் பெண்ணுக்குப் படம் எதுவும் இல்லை, என்ன செய்வது என்று கேட்டாள். நசுருல்லா ஒரு முகம் அளவுக்கு வெறும் கட்டம் போட்டு, அதில் மஞ்சள் நிறத்தை நிரப்பினார். "சரிங்களா?" என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

ஒவ்வொரு முகமாக ஒட்டும்போது இன்னொரு காரியமும் செய்தார். திருத்திய படத்தை விட்டுவிட்டு, திருத்துவதற்கு முந்தைய படத்தைத் தேடி எடுத்தார். மச்சங்கள் திரும்பி வந்தன. அம்மைத் தழும்புகள் வந்தன. ஜோயாவின் புருவத்தின் மேல், பிரசவத்தில் ஆயுதம் போட்டு இழுத்ததன் கோடு வந்தது. மகள் திட்டுவாள். திட்டட்டும்.

"இன்னொருத்தன் இருக்கறானுங்க," என்றாள் அங்காளம்மாள். "தலைவரு. அவங்கம்மா வள்ளியாத்தா ஒரு பக்காப் படி எண்ணெய ஊத்திப் பெத்துது. எங்கம்மாதான் சொம்பு புடிச்சுட்டு நின்னா."

நசுருல்லாவின் கை மவுஸின் மேல் நின்றது. தங்கமுத்துவின் படமும் இருந்தது. சங்கத் தேர்தலுக்கு எடுத்தது. மூக்கின் பக்கத்தில் கொத்துமல்லி அளவுக்கு ஒரு மரு. பணிவாகக் கேட்டுக்கொண்டு அதை எடுத்துக் கொடுத்தவர் இவர்தான்.

"கேக்காமப் போட்டா வில்லங்கம் அக்கா."

"எங்கள யாராச்சும் கேட்டாங்களா?" என்றாள் அவள். "நடுவுல போடுங்க. மருவோட."

போட்டார். மேலே பழைய படம், கருப்புத் திட்டோடு, புகைப் பெண்ணோடு. அதன் பக்கத்தில் இன்றைய அம்மன், மஞ்சளும் எண்ணெயுமாக. கீழே முகங்கள். 'இவள் மேல் எண்ணெய் ஊற்றிப் பெறப்பட்டவர்கள்' என்று தலைப்பு. ஓரத்தில் சின்ன எழுத்தில், 'முந்தைய பிளக்ஸில் வந்த தாமரை என் கைவேலை. பிழைக்கு வருந்துகிறேன். நசுருல்லா.' அச்சு இயந்திரம் உறுமத் தொடங்கியது. வெளியே வரும் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

*

வெள்ளிக்கிழமை கிரேன் வருவதற்கு முன்னால் பெண்கள் வந்துவிட்டார்கள். பிளக்ஸை மண்டபத்தின் குறுக்காகக் கட்ட வேண்டும். மூன்று மூலைக்கு இடம் கிடைத்தது. நான்காவது மூலையைக் கட்டுவதற்கு ஒன்றும் இல்லை. இருந்த ஒரு சவுக்குக் கம்பத்தைக் குழுக்காரர்கள் இரவே பிடுங்கியிருந்தார்கள். யாராவது கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

வாசலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துவிட்டு நழுவிவிடுவது என்றுதான் நசுருல்லாவின் திட்டம். பெண்கள் எல்லாம் தூணைச் சுற்றி நெருக்கமாக உட்கார்ந்துவிட்டதால், கயிறு அவர் கைக்கு வந்தது. வெள்ளைத் தொப்பியும் சட்டையுமாக, ஜும்ஆ தொழுகைக்குப் போகத் தயாராகி வந்த மனிதன், ஏரிக்கரைக் கோயிலின் முன்னால், ஊரே பார்க்க, ஒரு கம்பமாக நின்றார். ஒளிவதற்கு இதைவிட மோசமான இடம் உலகத்தில் இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டார்.

கிரேன் வந்தது. பின்னாலேயே தங்கமுத்துவும், குழுவில் நான்கைந்து பேரும். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வேகமாக வந்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு மண்டபத்தில் ஏறி, பிளக்ஸைப் பார்த்ததும் நின்றார். தன் முகம் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு நேரம் ஆகவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவன் தன் முகத்தைத் தேடி, கண்டுபிடித்து, வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னான். இன்னொருவன் போனை எடுத்து அதைப் படம் பிடித்தான்.

"கயித்த உடுங்க பாய்," என்றார் தங்கமுத்து.

"உட்டா உழுந்துருங்க அண்ணா."

"உழட்டும். உடுங்கன்னா உடுங்க."

நசுருல்லா கயிற்றை உள்ளங்கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். கை வலித்தது. "நீங்களும் அதுல இருக்கறீங்க. கீழ உழுந்தா நல்லாருக்காது," என்றார்.

குழுவில் ஒருவன் குரலை உயர்த்தினான். "இந்தாளுக்கு இங்க என்ன..." என்று தொடங்கியவனை அங்காளம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தாள். "ஏஞ் சாமி, உன்னையப் பெக்க உங்கம்மா இங்க வந்தப்ப, நீ உள்ளருந்து கால உதைச்சது எனக்குத் தெரியும். இப்ப வெளியிலருந்து உதைக்கறயா? உதை."

கிரேன் டிரைவர் எஞ்சினை ஓடவிட்டபடி, யாராவது ஏதாவது சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். இரும்புக் கொக்கி மெதுவாக ஆடியது.

சௌமியா எழுந்தாள். வயிற்றைத் தாங்கியபடி எழுந்து நிற்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. மாமியார் கை கொடுத்தாள். வேண்டாம் என்று தள்ளினாள். யாரையும் பார்க்கவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து, கல்லின் தூக்கிய முகத்தின் மேல் சாய்த்தாள். எண்ணெய் நெற்றியிலிருந்து தோளுக்கு இறங்கி, தோழிகளின் கைகளை நனைத்து, வயிற்றில் தயங்கி, பாதித் தலையாக இருந்த பிள்ளையைக் கடந்து, தூணின் அடிக்கு வந்தது. அங்கிருந்து தரைக் கல்லின் சரிவைப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் கோடாக, அவசரமில்லாமல் மண்டபத்தின் ஓரத்துக்கு ஓடியது.

தங்கமுத்துவின் வெறும் காலின் பெருவிரலைத் தொட்டது. சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனது. அவர் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். காலை எடுக்கவில்லை.